உளவியல் பட்டமும் கல்விக்கடனும்: ஒரு தகப்பனின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் - புதுச்சேரி வழித்தடத்தில் ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் 19 வருடமாகக் கண்டக்டராக இருக்கிறேன். கடந்த மே மாதம் உங்கள் நாளிதழில் வந்த, பிளஸ் 2 முடித்தவர்கள் என்ன படிக்கலாம் என்று சொல்லும் பக்கங்களை வெட்டி வைத்திருக்கிறேன். அதில் பயன்பாட்டு உளவியல் இளநிலைப் படிப்புக்கு அரைப் பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். எதிர்காலம் உள்ள துறை, ஆலோசகர் ஆகலாம், மனிதவளப் பிரிவில் வேலை கிடைக்கும் என்று போட்டிருந்தது. அந்தப் பத்தியில் விட்டுப்போனதை என் வீட்டுக் கணக்கிலிருந்து எழுதுகிறேன்.

என் மகள் 2021-ல் பிளஸ் 2 முடித்தாள். கொரோனாவால் பொதுத்தேர்வே நடத்தாமல் மதிப்பெண் போட்ட வருடம் அது. உளவியல்தான் படிப்பேன் என்றாள். உறவுக்காரர்கள் எல்லோரும் நர்ஸிங், பி.காம். என்று சொன்னபோது நான் மறுபேச்சு இல்லாமல் சரி என்றதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் என் அண்ணன் தன் பையனைப் பறிகொடுத்தார். பல மாதம் யாரோடும் பேசவில்லை. அப்போது மனநல ஆலோசனை சொல்ல ஊருக்குள் வந்தவர்களில் ஒரு பெண், வாரா வாரம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முதலில் எதுவும் கேட்கவே மாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார். அண்ணன் மறுபடி கடலுக்குப் போனது அவரால்தான். என் மகள் அப்போது கைக்குழந்தை. பெரியப்பாவின் கதையைக் கேட்டே வளர்ந்தவள்.

சென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணமும் விடுதியும் சேர்த்து வருடத்துக்கு 1,20,000 ரூபாய். வங்கியில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை, பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். போட்டேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 3,60,000 ரூபாய், வட்டி பத்தரை சதவீதம்.

படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது. அதை வட்டியும் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டியை மத்திய அரசு கட்டும் என்று டிப்போவில் சொன்னார்கள். அந்தச் சலுகை தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தான், உங்கள் மகள் படித்த பி.எஸ்சி. அதில் வராது என்று பிறகு வங்கியில் சொன்னார்கள். முதல் தவணை வந்த 2025 ஜூலையில் பாக்கி 4,73,400 ரூபாயாக நின்றது. ஒரு லட்சத்து 13 ஆயிரம் வட்டி. மாதாமாதம் அந்த வட்டியை மட்டும் கட்டியிருந்தால் முதல் வருடம் மாதம் 1,050, இரண்டாம் வருடம் 2,100, மூன்றாம் வருடமும் அதற்கடுத்த வருடமும் 3,150 ரூபாய்தான் ஆகியிருக்கும். முதல் வருடத் தொகையை நிச்சயம் கட்டியிருப்பேன். இரண்டாம் வருடத்திலும் முடிந்த மாதங்களில் கட்டியிருப்பேன். கட்டலாம் என்றே எனக்குத் தெரியாது.

இப்போது மாதத் தவணை 6,388 ரூபாய், பத்து வருடத்துக்கு. மொத்தம் 7,66,000 ரூபாய்க்கு மேல் போகும். ஏழு வருடத்தில் முடித்தால் 96 ஆயிரம் மிச்சமாகும். ஆனால் மாதம் 7,982 கட்ட வேண்டும். எங்களால் முடியாது.

ஏன் முடியாது என்று சொல்கிறேன். மகள் புதுச்சேரியில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு தனியார் மையத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் 13,500 ரூபாய். தவணை போனால் 7,112. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 2,500 போனால் 4,612. காலையில் என் வண்டியிலேயே வந்துவிடுவாள். சாயங்காலம் எனக்கு வேறு நடை இருக்கும், அவள் டிக்கெட் எடுத்துத்தான் திரும்புவாள்.

அந்த மையத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்கள் வசூலிப்பதும் குறைவுதான். விஷயம் வேறு. ஒரு குழந்தையைச் சோதித்து, அதன் அறிவுத்திறன் இவ்வளவு, இந்தச் சிரமம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தால் அதில் மருத்துவ உளவியலாளர் கையெழுத்துப் போட வேண்டும். சென்னையிலிருந்து மாதம் இரண்டு முறை ஒருவர் வருகிறார். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவள் என் மகள். கையெழுத்து அவருடையது. அதில் தவறே இல்லை. 1992-ம் வருடச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்யலாம். அதற்கு இளநிலை முடித்து, முதுநிலை இரண்டு வருடம் முடித்து, அதன் பிறகு எம்.ஃபில். இரண்டு வருடம் என்பதுதான் பழக்கப்பட்ட வழி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் மாதிரியானவற்றில் சொற்ப இடங்கள்தான். அந்த எம்.ஃபில்லுக்கும் 2025-26 சேர்க்கை வரைதான் அனுமதி என்கிறார்கள்.

ஆக, நான் மூன்று வருடப் படிப்பு என்று நினைத்துக் கடன் வாங்கியது ஏழு வருடப் படிப்பின் முதல் மூன்று வருடம். படிப்பு பாதியில் நிற்கும்போதே தவணை வந்துவிட்டது. கல்லூரி கொடுத்த புத்தகத்தில் 'உளவியலாளர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஏழு வருடம் என்று எங்கும் இல்லை. சேர்க்கை அன்று எதிரில் உட்கார்ந்திருந்த பேராசிரியையும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே கேட்பேன்?

மகள் சோர்ந்துவிடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் எம்.எஸ்சி. முடிக்கிறேன் என்று 2024-லிருந்து மாதாமாதம் பணம் சேர்த்தாள். தவணை தொடங்கிய அடுத்த மாதம், 2025 ஆகஸ்டில், உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்துவிட்டது. அந்த ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே தடை. சுகாதாரம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ம் வருடச் சட்டத்தில் இந்தப் படிப்பும் வருவதுதான் காரணமாம். மனித மனதோடு வேலை செய்பவர்கள் நேரில் பயிற்சி பெற வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்த பெண் தபாலில் வந்த பாடத்தைப் படித்து அதைக் கற்றிருக்க முடியாது. ஆனால் அன்று ராத்திரி மகள் சேர்த்து வைத்த 31 ஆயிரத்தை என் கையில் கொடுத்து, தவணையிலேயே கழிச்சுடுங்கப்பா என்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கழிக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறையில் முதுநிலை படிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரிபோல் செலவு ஆகாது. க்யூட் பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அதற்குத்தான் இப்போது படிக்கிறாள். முள்ளோடை தாண்டி அரியாங்குப்பம் வருவதற்குள் பத்துப் பக்கம் முடித்துவிடுவாள். இடம் கிடைத்தால் வேலையை விட வேண்டும். தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று வங்கியில் எழுதிக் கேட்டிருக்கிறேன். முடியாது என்றால் 6,388-ஐ நானே கட்டுவேன், இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை நடையும் எடுத்துக்கொண்டால் முடியும்.

என் பேருந்தில் தினமும் கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் ஏறுகிறார்கள். உளவியல் படிக்கலாமா அங்கிள் என்று பிளஸ் 2 பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், மகள் படித்தது தெரியும் என்பதால். படி என்றுதான் சொல்கிறேன். மனநல உதவி எண்ணான 14416-க்கு ராத்திரியில் போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு ஆள் வேண்டும். ஆனால் இளநிலையைச் செலவு குறைந்த கல்லூரியில், வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் முடி, கடன் வாங்கினால் முதுநிலைக்கு வாங்கு என்கிறேன். முதலில் என் கையில் அந்த யோசனை இருந்திருந்தால் மகள் இந்நேரம் முதுநிலை முடிக்கும் தறுவாயில் இருப்பாள்.

உங்களிடம் கேட்பது இதுதான். வருகிற மே மாதம் அந்தப் பக்கங்களைப் போடும்போது ஒவ்வொரு படிப்புக்கும் கீழே கூடுதலாக மூன்று வரி போடுங்கள். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்து என்ன வேலையில் கையெழுத்துப் போடலாம், அந்த வேலைக்கு முழுதாகத் தகுதி பெற எத்தனை வருடம், கடன் வாங்கிப் படித்தால் முதல் தவணை அன்று பாக்கி எவ்வளவு நிற்கும். உளவியலுக்கான மூன்று வரிக்கு வேண்டிய கணக்கு என்னிடம் இருக்கிறது. வங்கி கொடுத்த தாளின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன். மகளின் பெயரையும் கடன் எண்ணையும் மறைத்துவிட்டு அதை அப்படியே வெளியிடலாம். அவளிடம் கேட்டுவிட்டேன், போடச் சொல்லுங்கப்பா என்றாள்.

இப்படிக்கு,
ஒரு கண்டக்டர்,
கடலூர் முதுநகர்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)