அந்தப் பெட்டியை நீ கெடுக்கவில்லை

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பிளாங்கா,

நாம் ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் II வீடியோ கேமில் நீ எடுத்து ஆடிய வீரனின் பெயரில் உன்னை அழைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று இதைத் தவிர வேறு எந்தப் பெயரிலும் இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதமாக ஒரு வரியும் எழுதாததற்கு என்னைப் பொறுத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, இப்போது செய்தித்தாளை அவரே படிக்கிறார். நெட்டை மறுபடியும் வீடு மாற்றிவிட்டான். நீ நினைக்கும் அதே காரணம்தான். மற்றவற்றைத் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். நான் எழுத உட்கார்ந்திருப்பது வேறு ஒரு செய்திக்காக.

நீ பொத்தானை அடித்துக் கெடுத்துவிட்டாய் என்று சொல்லி உன்னைக் கடையிலிருந்து வெளியேற்றினார்களே, லாங் பஜார் சந்தில் இருந்த அந்த வீடியோ கேம் பெட்டி, அது இப்போது என் கடையின் பின்கட்டில் நிற்கிறது. மோட்டாரிலிருந்து பிரித்த பழைய செம்புக் கம்பியைப் போடுவதற்காக மாசி மாதம் நம் ஊர்ச் சைதாப்பேட்டைக் காயலான் கடைக்குப் போயிருந்தேன். அங்கே துருப்பிடித்த பீரோக்களுக்கு நடுவில் அதைக் கண்டேன். பொத்தான் பலகையின் வலது ஓரத்தில் நீ காம்பஸ் முனையால் கீறிய இரண்டு எழுத்துகள் அப்படியே இருந்ததால் அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை. கடைக்காரப் பெரியவர் காலமாகிவிட்டார் என்றும், அவருடைய மகன் இடத்தைக் காலி செய்தபோது எடைக்குப் போட்டுவிட்டார் என்றும் சொன்னார்கள். நான்காயிரம் கேட்டவரிடம் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு முடித்து, மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தேன்.

போர்டு (ஆட்டம் இருக்கும் மின்சுற்று அட்டை) செத்துவிட்டது, டியூப் (படக்குழாய்) மட்டும்தான் காசு பெறும் என்று காயலான் கடையில் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதை நம்பவில்லை. ஷார்ட் இருந்தாலும் முழுக் கரண்டும் பாயாமல் தடுக்கும் சீரிஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்ததில் எங்கும் ஷார்ட் இல்லை என்று தெரிந்தது. பிறகு நேராகக் கொடுத்தபோது திரையில் கோடுகளும் சிதறிய எழுத்துகளும் வந்தன. சில நொடிகளில் மறைந்து மறுபடியும் வந்தன. செத்த போர்டு இப்படித் திரும்பத் திரும்ப எழுந்திருக்க முயலாது. போர்டில் இருக்கும் காவல் சுற்று, செயலி தடம் புரண்டதை உணர்ந்ததும் அதை முதலிலிருந்து தொடங்க வைக்கும். ஆகவே போர்டு உயிரோடு இருக்கிறது, அதற்குத் தேவையான ஐந்து வோல்ட் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று எண்ணினேன்.

மீட்டரை வைத்தபோது என் ஐயம் உறுதியாயிற்று. போர்டுக்கு மின்சாரம் தரும் சப்ளையின் முனையில் 5.4 வோல்ட் இருந்தது. அதே நேரத்தில் போர்டின் மேல் உள்ள 14 கால் ஐசி (சில்லு) ஒன்றின், மின்சாரம் ஏறும் 14-ஆவது காலுக்கும் எர்த் ஆன 7-ஆவது காலுக்கும் நடுவில் வைத்தால் 4.6 மட்டுமே காட்டியது. அந்தக் காலத்து ஐசிகளுக்கு 4.75-இலிருந்து 5.25 வரைதான் எல்லை. போகும் வழியில் 0.8 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. அந்தப் போர்டு ஏறக்குறைய நான்கு ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள். அப்படியானால் மூன்று வாட்டுக்கும் மேற்பட்ட சூடு ஏதோ ஓர் இணைப்பில் இரவும் பகலும் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எந்த இணைப்பு என்று தேட வேண்டியிருக்கவில்லை. போர்டின் விளிம்பைக் கவ்வும் 56 முனைக் கனெக்டரில், ஐந்து வோல்ட் போகும் 3, 4 என்ற இரண்டு முனைகளும் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் புளியங்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது.

பழைய சப்ளையையும் திறந்து பார்த்தேன். வெளியீட்டுப் பக்கக் கண்டென்சர்கள் நான்கில் மூன்று தலை வீங்கியிருந்தன. இந்த வகைக் கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல வற்றிவிடும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கொள்ளும் கணக்கு. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வெளியே நாற்பதைத் தாண்டும்போது, காற்றோட்டமில்லாத மரப்பெட்டிக்குள் டியூபின் சூட்டோடு சேர்ந்து அவை எவ்வளவு பட்டிருக்கும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டென்சரை மட்டும் மாற்றி அதையே ஓட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அந்த அட்டையே சூட்டில் கருத்து, பற்றவைத்த இடங்களில் செம்புத் தடம் பெயர்ந்து வந்தது. கம்ப்யூட்டர் சப்ளையைப் போடு என்று நம் கூட்டாளி ‘கண்ணாடி’ சொன்னான். அதில் ஐந்து வோல்ட்டைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. பிற்காலத்து வகைகளில் மைனஸ் ஐந்து வோல்ட்டும் கிடையாது. எனவே இந்தப் பெட்டிகளுக்கென்றே வரும் எஸ்எம்பிஎஸ் சப்ளை ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். ஐந்து வோல்ட்டில் 15 ஆம்பியர், 12 வோல்ட், மைனஸ் ஐந்து, இவற்றோடு ஐந்து வோல்ட்டை ஏற்றி இறக்க ஒரு சிறு திருகும் அதில் உண்டு.

வந்தவுடன் அதை மாட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. அதன் பக்கவாட்டில் இருந்த சிறு சிவப்பு ஸ்விட்ச் 110-இல் இருந்தது. அந்த நிலையில் உள்ளே இருக்கும் சுற்று வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் உள்ளே 325-க்குப் பதிலாக 650 வோல்ட் ஏறி, 200 வோல்ட் தாங்கும் இரண்டு பெரிய கண்டென்சர்களும் பட்டாசு போல வெடித்திருக்கும். ஸ்விட்சை 230-க்குத் தள்ளி, அது தானாக நகராதபடி மேலே டேப் ஒட்டினேன்.

அடுத்து, பெட்டிக்கு வெளியே மேசையில் வைத்துச் சோதித்தேன். போர்டைக் கொடுத்துச் சோதிப்பது தவறு. புதிய பொருளாக இருந்தாலும் அது சரியாக இருக்கிறதா என்று தெரிவதற்கு முன் கிடைத்தற்கரிய போர்டை அதன் வாயில் கொடுக்கக் கூடாது. 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் நான்கை இணையாகக் கட்டினால் ஐந்து வோல்ட்டில் நான்கேகால் ஆம்பியர் இழுக்கும். நம் போர்டு இழுக்கும் அளவுக்கு அது பக்கம். 12 வோல்ட்டுக்கு ஒரு பைக் ஹெட்லைட் பல்பு போதும். முதலில் சீரிஸ் பல்பு வழியாக, பிறகு நேராக, ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். சுமை இல்லாதபோது 5.08 காட்டியது, சுமையோடு 5.03-இல் நின்று அசையவில்லை. மீட்டரை ஏசிக்கு மாற்றி அலைவு எவ்வளவு என்றும் பார்த்தேன். சாதாரண மீட்டர் இந்த வேகமான அலைவை முழுதாகக் காட்டாது, ஆனால் இரண்டை ஒப்பிட அது போதும். புதியதில் பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தது. பழையதில் முந்நூறைத் தாண்டியது.

பெட்டிக்குள் கை வைக்கும் முன் டியூபைப் பற்றி அஞ்சினேன். அதன் மேல் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரில் ஒரு கம்பியைக் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றியுள்ள எர்த் பின்னலில் மாட்டி, ஒற்றைக் கையால் மூடிக்கு அடியில் நுழைத்துத் தேங்கிய மின்சாரத்தை இறக்கினேன். தம்பி மகனை அன்று கடைக்குள்ளேயே விடவில்லை.

கனெக்டர் முழுவதையும் மாற்றினேன். 1980-களின் நடுவில் ஜப்பானியர்கள் ஜாமா என்று ஒரே முறையை வகுத்ததால், இத்தனை ஆண்டு கழித்தும் எந்த முனையில் எது வரும் என்பதில் குழப்பமே இல்லை. 1, 2, 27, 28 எர்த். 3, 4 ஐந்து வோல்ட். 5-இல் மைனஸ் ஐந்து. 6-இல் 12 வோல்ட். 7-ஆவது இடத்தில் தலைகீழாகச் செருகிவிடாமல் தடுக்கும், ‘சாவி’ எனப்படும் தடுப்பு. மறுபக்கமும் அதே வரிசைதான். ஐந்து வோல்ட்டுக்கும் எர்த்துக்கும் தடித்த ஒயரை முனைக்கு ஒன்றாகத் தனித்தனியே இழுத்தேன். கிக் பொத்தான்களுக்குத் தனியாகப் போகும் ஒயர்களை மட்டும் தொடவில்லை, அவை நன்றாகவே இருந்தன. போர்டின் விளிம்பை வெள்ளை ரப்பரால் தேய்த்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். போர்டைச் செருகாமல் ஒவ்வொரு முனையையும் அளந்து, திருகைச் சற்றே இறக்கி வைத்து, பிறகுதான் செருகினேன். ஐசியின் காலில் மீட்டர் முனையைப் பிடித்துக்கொண்டே மெல்ல ஏற்றி 5.02-இல் நிறுத்தினேன். ஆட்டம் வந்தது. 1991-இல் கேப்காம் வெளியிட்ட அதே ஸ்ட்ரீட் ஃபைட்டர் II, அதே இசை. நான் சற்று நேரம் எதுவும் செய்யாமல் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல்தான் உனக்கு நான் சொல்ல வேண்டியது வருகிறது.

பழைய சப்ளையை மரத்தளத்திலிருந்து கழற்றியபோது, அதற்குப் பின்னால் மறைந்திருந்த பலகையில் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் இருந்தன. யாரோ ஒரு மெக்கானிக்கின் கையெழுத்து: "17-2-95. 5 வோ. குறைவு. ஏற்றிவிட்டேன்." உன்னைக் கடையிலிருந்து வெளியேற்றியது அதே ஆண்டு மே மாதம். மூன்று மாதங்களுக்கு முன்பே அந்தப் பெட்டிக்கு நோய் இருந்திருக்கிறது. அந்த மெக்கானிக் காரணத்தைத் தேடாமல் திருகை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். கனெக்டர் மேலும் கருகக் கருக, ஏற்றிய வோல்ட்டும் வழியிலேயே எரிந்து போயிருக்கிறது.

நீ பொத்தானை அடித்ததுதான் காரணம் என்று பெரியவர் சொன்னார். பிளாங்காவுக்கு உடம்பில் கரண்ட் வர வேண்டுமானால் பஞ்ச் பொத்தானை விடாமல் தட்டியே ஆக வேண்டும். ஆட்டத்தின் விதியே அதுதான். இருந்தாலும் உனக்கு நியாயம் சொல்லும் முன் நானே சோதித்துவிட விரும்பினேன். பழைய கனெக்டரைத் திரும்ப மாட்டினேன். யாரும் தொடாமல் அரை மணி நேரம் விட்டதில் பெட்டி தானாகவே இரண்டு முறை அணைந்து எழுந்தது. பிறகு பொத்தான் பலகையைப் பத்து முறை தட்டினேன். மூன்று முறை வோல்ட் 4.4-க்குச் சரிந்து ஆட்டம் போயிற்று. ஆகவே உன் தட்டல் அந்த நொடியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று நீ இல்லாவிட்டால் அடுத்த ஆட்டக்காரன் கையில் அது நடந்திருக்கும். புதிய கனெக்டரோடு ஒரு மணி நேரம் அதே பலகையை அதே வேகத்தில் அடித்தேன், மீட்டர் 5.01-க்குக் கீழே இறங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் இருந்தவன் நான். நீ தட்டத் தொடங்குவதற்கு முன்பே திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் சிதறியதை நான் பார்த்தேன். பெரியவர் உன் சட்டையைப் பிடித்தபோதும், மறுநாள் உன் அப்பா காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் வழியாகச் சைக்கிளில் வந்து இருநூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தபோதும், நான் அதைச் சொல்லவில்லை. என்னையும் கடையில் சேர்க்காமல் போய்விடுவார்களோ என்று பயந்தேன். இத்தனை ஆண்டில் நீ ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பெரியவரின் மகனைப் போய்ப் பார்த்து, அந்தப் பென்சில் வரிகளின் படத்தைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, உன் முகவரி கேட்டார். கொடுக்கவில்லை, நீ சரி என்றால் கொடுக்கிறேன். படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இதைக் காட்டு. கண் மங்கலாக இருந்தால் அந்த இரண்டு வரியையும் நீயே படித்துக் காட்டு.

பெட்டிக்குப் புது வண்ணம் அடிக்கச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். வெளியே அடிப்பேன், பென்சில் வரிகள் உள்ள அந்தப் பலகையைத் தொடமாட்டேன். இடது பக்க பஞ்ச் பொத்தான் ஒன்றில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அடுத்த வாரம் மாற்றிவிடுவேன். பொங்கலுக்கு வரும்போது வீட்டில் பழைய ஒரு ரூபாய் நாணயங்கள் கிடந்தால் எடுத்து வா. காசு போடும் துளை இன்னும் அந்த அளவிலேயேதான் இருக்கிறது.

அன்புடன்,
உன் இரண்டாவது ஆட்டக்காரன்