பரமு, கூட்டைக் கட்டும் முன் இதைப் படி

அல்சூர், பெங்களூரு
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள பரமு,

மூன்று மாதமாக எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டு, ஆனால் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். அவருக்குக் கணுக்கால் சரியாகிவிட்டது. மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியதா?

மாடியில் இருந்த ஏழு கோழிக்குஞ்சுகளில் மூன்று செத்துப்போயின. ஐந்து வாரக் குஞ்சுகள். முதல் நாள் சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. மறுநாள் எச்சத்தில் ரத்தம். அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்கு ஓடினேன். ரத்தக் கழிச்சல் என்றார் டாக்டர். தண்ணீரில் கலந்து கொடுக்க ஆம்ப்ரோலியம் எழுதித் தந்தார். மீதி நாலும் பிழைத்துக்கொண்டன. "கீழே போட்டிருக்கிற உமி ஈரமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

நான் தினமும் பெருக்குகிறவள்தான், உனக்கே தெரியும். கண்ணில் பட்ட எச்சத்தையெல்லாம் எடுத்துவிடுவேன். தண்ணீர்ப் பாத்திரம் ஒரு பக்கம் சாய்ந்து கசிந்துகொண்டே இருந்ததைத்தான் பார்க்கவில்லை. மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் வேறு கட்டியிருந்தேன், உள்ளே இருந்த ஈரம் போக வழியே இல்லை. ரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வரும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் நோயைப் பரப்பும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதைத்தான் குஞ்சுகள் கொத்தித் தின்றிருக்கின்றன.

அன்று சாயங்காலம் கூட்டுக்குள் முட்டி போட்டு, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனேன். நின்றால் தெரியாத வாடை அங்கே கண்ணைக் கரித்தது. ராத்திரி முழுக்க அதுகள் அதில்தான் படுத்திருந்தன, பரமு. யாரோ சொன்னார்களென்று சுண்ணாம்பைத் தூவினேன், வாடை இன்னும் ஏறிற்று. ஈர எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா கூடுதலாகக் கிளம்பும் என்று பிறகுதான் தெரிந்தது. உன் மாமியார் அதைத்தான் செய்யச் சொல்வார். கேட்காதே.

அப்புறம் மொத்தத்தையும் அள்ளி மூட்டை கட்டினேன். தரையைக் கழுவிவிட்டு, அது நன்றாகக் காயும்வரை குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் வைத்திருந்தேன். வாரம் முழுக்கத் தூறல், காய மூன்று நாள் ஆயிற்று. பிறகு உமியும் மரச்சீவலும் கலந்து நாலு அங்குலம் பரப்பினேன். நைஸான மரத்தூளை மட்டும் போடாதே, குஞ்சுகள் தீனி என்று நினைத்துத் தின்னும். பாத்திரத்தைச் செங்கல் வைத்துக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கியாயிற்று. தார்ப்பாயை மேலே ஒரு முழம் விட்டுக் கட்டியிருக்கிறேன்.

தினமும் காலையில் கிளறிவிட்டு, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறேன். கையைத் திறந்ததும் நீ பிடிக்கும் கொழுக்கட்டை மாதிரி உதிர்ந்தால் சரி. என் அம்மா பிடிப்பது மாதிரி நின்றால் அந்த இடத்து உமி வெளியே போயாக வேண்டும். ரொம்பக் காய்ந்து தூசி பறந்தாலும் மூச்சுக்கு ஆகாது.

நீ கிணற்றடியில் கூடு கட்டப்போவதாகச் செல்வி சொன்னாள். வேண்டாம் பரமு, மேட்டுப் பக்கம் கட்டு. கூரைக்குக் கீழே ஒரு சாண் வலை விடு. ஆசாரியிடம் பேசும் முன் எனக்கு ஒரு போன் போடு.

கறுப்புக் குஞ்சு இன்னும் சரியாகத் தின்னவில்லை. அதைப் பார்க்கத்தான் இப்போது மேலே போகிறேன்.

உன்
கலா