சாக்கு மூட்டையில் சைக்கிள் சாமான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் படம் வருடா வருடம் உங்கள் பேப்பரில் வருகிறது, நல்லது. அந்த சைக்கிள் பழுதானால் யார் பார்க்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் எழுதுங்கள். எங்கள் ஊரில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, கூலி வாங்காமல் சரிபார்த்துக் கொடுக்கிறோம். சாமானுக்குப் பஞ்சமே இல்லை, இருப்பது எங்கே கிடக்கிறது என்பதுதான் தலைவலி. ஆளாளுக்கு நல்ல மனதோடு பழைய சாமான்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள், பெடல் கட்டையை அச்சோடு இறுக்கும் ஒரு காட்டர் பின்னுக்காக மூட்டையைத் தரையில் கொட்டினால் அரை நாள் அதிலேயே போய்விடுகிறது.

இதுபோல் மற்ற ஊர்களில் நடத்துகிறவர்கள் முதலில் டயரை அளவுவாரியாகப் பிரியுங்கள். 26 இஞ்ச் என்று மட்டும் எழுதி மாட்டினால் போதாது. 26 x 1⅜ டயர் உட்காரும் ரிம்மில் 26 x 1.75 உட்காராது. டயரின் பக்கவாட்டில் பெரும்பாலும் 37-590, 47-559 என்று மில்லிமீட்டர் கணக்கு இருக்கும், பின்னால் வரும் அந்த மூன்று இலக்கம்தான் ரிம்மின் அளவு, அதைப் பார்த்துத் தனித்தனி ஆணியில் மாட்டுங்கள். டியூபை வெயில் படும் ஜன்னலோரம் தொங்கவிடாதீர்கள், ரப்பரில் வெடிப்பு விழும்.

அப்புறம் பால்ஸ், அதாவது அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள். 5/32 இஞ்சும் 3/16 இஞ்சும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரிய குண்டுகளே பாரம் முழுவதையும் தாங்கி, குண்டுகள் உருளும் கோன் கெட்டுப்போகும். தேய்ந்து புள்ளி விழுந்த பால்ஸைச் சேர்த்து வைக்கவே வேண்டாம். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதால் பெடலை ஜோடியாகக் கம்பியில் கட்டிப் போடுங்கள். டப்பா மேல் பேர் எழுதுவதைவிட உள்ளே இருக்கும் சாமானில் ஒன்றை வெளியே கட்டித் தொங்கவிடுவது மேல், புதிதாக வரும் பையன்கூடக் கேட்காமல் எடுப்பான்.

“எப்பவாவது உதவும்” என்று வைக்கிற துருப்பிடித்த மட்கார்டும் வளைந்த ரிம்மும்தான் பாதி அறையை அடைக்கின்றன. மாதம் ஒருமுறை காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள், வருகிற காசில் பிரேக் கட்டையாவது வாங்கலாம். இதற்கு மனசு வராதவர்கள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவர் வராத நாளாகப் பார்த்துக் கூப்பிடுவது உத்தமம்.

கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றாமல் முழு சைக்கிளாகவே கொடுங்கள். கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நட்டையும் வாஷரையும் அந்தந்த அச்சிலேயே திரும்ப முறுக்கிவிடுங்கள்.

வாசகர், மன்னார்குடி