கூரையை மூடிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் ஓட்டம் நின்றுபோன பஞ்சாலைக் கட்டடங்களைச் சந்தையாகவும் உணவகமாகவும் மாற்றலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கூடவே போட்டிருந்த மாதிரிப் படத்தில் கூரைக்குக் கீழே தட்டையாக ஜிப்சம் பலகை அடித்து, வரிசையாக விளக்கு மாட்டியிருக்கிறார்கள். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

பழைய மில் கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் கண்ணாடி போட்ட பக்கம் வடக்கே பார்த்திருக்கும். சுள்ளென்ற வெயில் உள்ளே அதிகம் விழாது, வெளிச்சம் மட்டும் சீராக இறங்கும். ஓடுகிற பிரேமில் எந்த இழை அறுந்தது என்று கண்டுபிடித்து ஒட்ட அந்த வெளிச்சம் வேண்டும். இன்றைக்கும் ஜவுளிக்கடையில் நம் பெண்கள் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்த்தானே நிறம் பார்க்கிறார்கள்? சுங்குடி விற்கப்போகிற இடத்தில், இருக்கிற நல்ல வெளிச்சத்தைப் பலகை போட்டு மறைத்துவிட்டு கரண்டுக்குக் காசு கட்டுவானேன்? கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை முறைப்படி எடுத்துவிட்டு வேறு தகடு போடட்டும். கண்ணாடியைத் தொட வேண்டாம்.

அடுத்தது அடுப்பு. நூல் அறாமல் இருக்க ஈரக்காற்றை உள்ளேயே நிறுத்திவைக்கும்படி கட்டிய கூடம் அது. அதற்குள் புரோட்டாக் கல்லைப் போட்டால் சாப்பிட வந்தவர் வெந்துபோவார். பாய்லர் இருந்த கட்டடம் பெரும்பாலும் தனியாக, புகைபோக்கியோடு நிற்கும். சமையலை அங்கே வைத்தால் புகையும் பழைய வழியிலேயே போகும். புகைபோக்கிக்கு வர்ணம் அடித்து செல்பி எடுக்க நிறுத்துவதைவிட அது உருப்படியான வேலை. மொட்டைமாடியில் பந்தல் போட்டு மேசை போடும் யோசனை மட்டும் யாருக்கும் வேண்டாம். 2017 டிசம்பரில் மும்பை கமலா மில் வளாகத்தில் அப்படிப்பட்ட மாடி உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள்.

என்ன விற்பது என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. பீட்சா கூடாது என்றால் பேரப்பிள்ளைகளே என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் படத்தில் இருந்த கடைகளில் பருத்திப்பால் ஒன்றுகூட இல்லை! பஞ்சு மில்லுக்கு வந்துவிடும், கொட்டை வெளியே நின்றுவிடும். அந்தக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கிற ஊர் இது. அதை வாசலிலேயே வைக்கலாம். அப்புறம், இரவு ஷிப்ட் விட்டு வருகிறவனுக்குச் சூடாக இட்லி கிடைத்த ஊரில் உணவகத்தைப் பத்து மணிக்கே பூட்டக் கூடாது.

கடை வாடகை விஷயமும் இருக்கிறது. பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகிற வாடகை, மகால் பக்கம் வீட்டில் உட்கார்ந்து சுங்குடி முடிச்சுப் போடுகிற பெண்ணுக்கும் செல்லூர் நெசவாளிக்கும் கட்டுப்படியாகாது. பிரேம் நின்ற வரிசைகளில் சிலவற்றை அவர்களுக்குக் குறைந்த வாடகையில் முதலிலேயே ஒதுக்கி, ஒப்பந்தத்திலும் எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

சுவரில் வரலாறும் எழுதுவார்கள். ஹார்வி சகோதரர்கள் 1890களில் மதுரையில் மில் தொடங்கியதும், 1974இல் அது மதுரா கோட்ஸ் ஆனதும் கட்டாயம் இருக்கும். இருக்கட்டும், சரிதான். கூடவே அறுந்த இழையை ஒட்டிய சைடர், நூல் நிறைந்த பாபினைக் கழற்றிய டாஃபர், மேஸ்திரி, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் நின்ற பெண்கள் என்று அங்கே வேலை செய்தவர்களைப் பற்றியும் நாலு வரி எழுதட்டும். எந்த இடத்தில் எந்த மெஷின் ஓடியது என்று கை காட்டக்கூடியவர்கள் ஹார்விபட்டியில் இன்னும் இருக்கிறோம். கட்டடக் கலைஞர்கள் அடுத்த வரைபடம் போடும் முன் ஒருநாள் வந்து எங்களைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
ஹார்விபட்டி, மதுரை.