சோலார் வெந்நீருக்கு இன்னொரு இணைப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியில் கூடுதலாகக் குளியலறை கட்டுபவர்கள், மாடியிலுள்ள பழைய சோலார் ஹீட்டரிலிருந்தே வெந்நீர் இழுக்கிறார்கள். செய்யலாம். ஆனால் சாதாரண வெள்ளை பிவிசி குழாய் கூடவே கூடாது. 60 டிகிரிச் சூட்டிலேயே இளகி, ஜாயிண்ட் விட்டுவிடும். சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயும் அதற்குரிய பசையும்தான் வேண்டும்.

பத்து மீட்டர் முக்கால் அங்குலக் குழாயில் சுமார் இரண்டரை லிட்டர் நீர் ஆறிப்போய் நிற்கும். திறந்ததும் அதுதான் வரும். ஒரே குளியலறைக்கு அரை அங்குலம் போதும், மேலே நுரை உறை போடுங்கள். வழியில் குழாய் மேடேறி இறங்கினால் காற்று தங்கி, தண்ணீர் 'புஸ் புஸ்' என்று துப்பும்.

வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய் வைத்தால், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்ரிட்டர்ன் வால்வு அவசியம். இல்லையேல் பச்சைத்தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறும். ஹீட்டர் டேங்கின் காற்றுக்குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், ஆபத்து. அதன் வாய் மேல்தொட்டி நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி