காக்காவுக்குப் பேர் வாங்கித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் மகனுக்கு நாலரை வயதிலும் ‘க’ வராது, ‘த’தான் வரும். மாடிச் சுவரில் காக்கா வந்து உட்கார்ந்தால் "தாத்தா! தாத்தா!" என்று கத்துவான். அவன் அக்கா அவனுக்கு ‘அத்தா’. முதலில் ரசித்தோம். அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகள் அவனைப் போலவே பேசிக் காட்டத் தொடங்கியதும் அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். ஓரிடத்தில் நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை வெட்ட நாளே குறித்துவிட்டார்கள். அங்கன்வாடி டீச்சர்தான் விடவில்லை. பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த மருத்துவக் குழுவின் முன் அவனை நிறுத்தி, அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சீட்டு வாங்கித் தந்தார். டீச்சர், உங்களை மறக்க மாட்டேன். 18 வயது வரை அங்கே எல்லாம் இலவசம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அங்கிருந்த பேச்சுப் பயிற்சியாளர் முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தார். அப்புறம், "‘க’வுக்கு நாக்கின் பின்பக்கம் மேலே போய்த் தொடணும். நாக்குக்கு அடியில் இருக்கிற சவ்வுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காய் படம் ஒன்று, தாய் படம் ஒன்று எடுத்து வைத்தார். காயைக் கேட்க நினைத்து இவன் "தாய்" என்றதும் அம்மா படத்தையே நீட்டினார். திகைத்துப்போய் அவர் வாயையே பார்த்தான். தான் சொல்வது வேறாகக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஐஸ் குச்சியால் நாக்கு நுனியை மெல்ல அழுத்திப் பிடித்து, ‘க்’ மட்டும். அதற்கே ஐந்து வாரம். பிறகு கா, கூ, அப்புறம் சொற்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை அவர்.

வாரா வாரம் வேலையை மாற்றிக்கொண்டு என்னை அனுப்பிய சக தொழிலாளிகளுக்கும், அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக நின்ற எதிர்வீட்டுக் கடைக்கார அண்ணாச்சிக்கும் நன்றி.

எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியிலிருந்து சத்தம் கேட்டது: "அக்கா, காக்கா!" அவள் படியேறி ஓடினாள். காக்காவைப் பார்க்கவே இல்லை. "இன்னொரு தடவை கூப்பிடுடா" என்று மூன்று முறை கூப்பிட வைத்தாள்.