அந்த மாற்றம் மாஸ்டருடையது இல்லை, மச்சான்

மச்சான்,

நமக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் கருமாதி அன்று பாலாற்றங்கரையில் நீ எனக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றாய். உன் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பேசலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். நீ செருப்பைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டாய். சரி, அங்கே பேசியிருந்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. உன் நம்பரும் என்னிடம் இல்லை. இங்கே எழுதினால் நம் பழைய டீம் ஆட்களில் யாராவது உனக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால் சில பெயர்களைச் சொல்ல மாட்டேன், நீ புரிந்துகொள்வாய்.

2006 பொங்கல் ஃபைனல். இடைவேளையில் மாஸ்டர் அந்தத் தகர டப்பாவைத் திறந்து புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பினார். ஒவ்வொரு கொட்டையும் ஓர் ஆள். சுண்ணாம்பு தடவிய கொட்டை எப்போதும் நீ, கோலுக்கு முன்னால் நிற்கிற நம் ஃபார்வர்ட். அதை எடுத்து நடு வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, "நீ கீழே இறங்கி ஆடு" என்றார். நீ கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. நீ குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "இன்னாடா பண்லாம்?" என்று கேட்டார். உன் கொட்டையை முதலில் நகர்த்தியது என் கை. மாஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இன்னைக்கு வேணாம்டா, அவனப் பாக்க ஆள் வந்துகீது" என்றார். நான்தான் விடவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் மாஸ்டர் என்றேன். அவரிடம் வேறு வழி இல்லை.

பிறகு டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் "அந்தாளு என் பொழப்பக் கெடுத்துட்டான்" என்று நீ கத்தியபோது நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தேன். கையில் கிளாஸ் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த மாற்றத்துக்குக் கேட்க மாட்டேன். அது சரியான மாற்றம், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். முதல் பாதி முழுக்க நாம் செய்தது என்ன? பின்னாலிருந்து உன் தலையைப் பார்த்து லாங் பால் அடித்தோம். தை மாதத்துக் கட்டாந்தரையில் பந்து குத்தி எகிறுகிறது. கோலுக்கு முதுகு காட்டி நிற்கிற உன்னைவிட, பந்தை எதிர்கொண்டு ஓடி வருகிற அந்த நெட்டை ஸ்டாப்பருக்குத்தான், அவர்கள் தடுப்பில் நடுவே நின்றவனுக்குத்தான், அது வசதி. ஒன்று விடாமல் தலையால் திருப்பிக்கொண்டே இருந்தான். தப்பித்தவறி அவனைத் தாண்டினால் பின்னால் இன்னொருவன் பெருக்கி எடுக்க நின்றான். ஆனால் அந்த நெட்டையனிடம் ஒரு குறை இருந்தது. நீ தண்ணீர் குடிக்க லைன் ஓரம் போனால்கூட அவனும் பின்னாலேயே வந்தான். ஒட்டிக்கொண்டே வருகிறவனை அவன் இடத்தில் ஜெயிக்க முடியாவிட்டால், அவனை அந்த இடத்தை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு வர வேண்டும். நீ இறங்கினால் அவன் முன்னால் இரண்டே வழி. உன்னோடு வந்தால் பின்னால் ஓட்டை. வராவிட்டால் நீ பந்தை வாங்கித் திரும்பிவிடுவாய்.

வந்தான். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்தாறு நிமிடத்தில், நடு வட்டம் வரை உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இடது ஓரத்தில் ஆடுகிற நம் விங் பையன் குறுக்காக உள்ளே ஓடினான். பெருக்கி எடுக்க நின்றவன் அவனைப் பார்ப்பதா கோலைப் பார்ப்பதா என்று தடுமாறினான். நான் போட்ட த்ரூ பால் அந்த ஓட்டைக்குள் போனது. 1–0. அந்த கோலில் உன் கால் பந்தைத் தொடவே இல்லை. ஆனால் கோலைத் திறந்தது நீதான் என்று அன்றைக்கே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதைக்கூட நான் செய்யவில்லை.

அன்று ராத்திரி நீ என்னிடம் கடைசியாகப் பேசியது ஞாபகம் இருக்கிறதா? மாஸ்டர் வாயைத் திறந்தால் சொல்கிற அந்த லண்டன் வெம்ப்லி மைதானத்துக் கதையை இழுத்தாய். 1953 நவம்பர் 25, ஹங்கேரி இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6–3 என்று அடித்த ஆட்டம். ஒன்பதாம் நம்பர் போட்ட ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி ஆடியதும், அவரைத் தொடர்வதா தன் இடத்தில் நிற்பதா என்று தெரியாமல் இங்கிலாந்து ஸ்டாப்பர் ஹாரி ஜான்ஸ்டன் திணறியதும். "அந்தாளும் கீழ எறங்கிதான் ஆடுனாரு. மூணு கோல் அடிச்சாரு. எனக்கு எத்தினி வந்துச்சு?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ போய்விட்டாய்.

பதில் 2009 மே மாதம் ஒரு நள்ளிரவில் டி.வி. முன்னால் கிடைத்தது. ரியல் மாட்ரிட் மைதானத்தில் பார்சிலோனா 6–2 என்று ஜெயித்த ஆட்டம். பார்சிலோனா கோச் கார்டியோலா, முன்னால் நிற்கிற ஏட்டூவை வலது விங்குக்கு அனுப்பி மெஸ்ஸியை நடுவில் கொண்டுவந்தார். மெஸ்ஸியும் நீ இறங்கிய மாதிரியே இறங்கினார். மாட்ரிட்டின் ஸ்டாப்பர்கள் கனவாரோவும் மெட்ஸெல்டரும் அவரோடு வரவில்லை, தங்கள் இடத்திலேயே நின்றார்கள். மெஸ்ஸி திரும்பினார், ஓடினார், இரண்டு கோல் போட்டார். அப்போதுதான் உறைத்தது. ஸ்டாப்பர் கூட வந்தால் கோல் விங்குக்குப் போகும். வராமல் நின்றால் இறங்கினவனுக்கு வரும். அதை முடிவு செய்வது ஸ்டாப்பர். நீயும் இல்லை, நானும் இல்லை, மாஸ்டரும் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது. பார்சிலோனாவில் என் இடத்தில் ஆடுகிற ஸாவி மெஸ்ஸிக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் ஆட்டத்திலும் அந்த நேரம் வந்தது, மச்சான்.

கோல் விழுந்து கொஞ்ச நேரத்தில் அவர்கள் கோச் லைன் ஓரம் வந்து கத்தினார். நெட்டையன் உன்னைத் தொடர்வதை நிறுத்தினான். தன் இடத்தில் நின்றுவிட்டான். நான் அதைப் பார்த்தேன். எனக்கு வலது பக்கம் பந்து வந்தது. நீ நடுவில் தனியாக நின்றாய். உன்னைச் சுற்றி ஏழெட்டு அடிக்கு ஒருவரும் இல்லை. வெயில் கோட்டை மதில் மேல் சாய்ந்திருந்தது, உன் நிழல் என் பக்கமாக நீண்டு கிடந்தது. நீ கூப்பிடக்கூட இல்லை. உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் காட்டினாய். காலுக்குக் கொடு, தரையோடு கொடு என்று. சின்ன வயதிலிருந்து பாலாற்று மணலில் நாம் பேசிய பேச்சு அது. நீ வாங்கித் திரும்பியிருந்தால் முன்னால் பின்வாங்குகிற இரண்டு பேர், அப்புறம் கோலி. அந்தத் தூரத்திலிருந்து நீ எத்தனை அடித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

நான் விங்குக்குக் கொடுத்தேன். பந்து லைனைத் தாண்டி வெளியே போனது. நீ கையை இறக்கினாய். அடுத்த நிமிடமே நெட்டையன் மறுபடி உன் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டான்.

ஏன் கொடுக்கவில்லை? பழக்கம் என்று சொல்லலாம். ஒரு கோல் கிடைத்த வழியையே திரும்பத் திரும்பத் தட்டுகிற புத்தி நடுவில் ஆடுகிற எல்லா ஹாஃபுக்கும் உண்டு, இப்போது நான் சொல்லிக்கொடுக்கிற பசங்களிடமும் பார்க்கிறேன். எதிராளி மாறியதும் நாமும் மாற வேண்டும், ஒரு முறை மாறிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்று அவர்களைத் திட்டுகிறேன். பழக்கமும் ஒரு காரணம்தான். முழுக் காரணத்தை இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுத முடியவில்லை. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யாரைப் பார்க்க வந்திருந்தார் என்பது என் மனதில் இருந்தது. என்னைப் பார்க்க யாரும் வரவில்லை என்பதும் இருந்தது. இதற்கு மேல் நேரில் கேள், சொல்கிறேன்.

ஆனால் உன்னிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. அன்று கோப்பையைத் தொடாமல் போனாய், அது என்னோடு போகட்டும். மாஸ்டர் உனக்கு என்ன செய்தார்? உன் முதல் பூட்ஸ் யார் காசு? பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகு, நான் போகும்போதெல்லாம் "அவன் வந்தானா?" என்றுதான் முதலில் கேட்பார். குடியாத்தத்திலிருந்து வேலூர் எத்தனை தூரம்டா? ஒரு பஸ் ஏற உனக்கு இத்தனை வருஷம் ஆனதா? செத்த பிறகு வந்து கும்பிட்டாயே, அதைப் பார்த்தபோது உன்னை அடிக்கலாம் போல இருந்தது.

உடனே என் மேலேயே வெறுப்பு வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாய். "உன்னை இறக்கியது நான்தான்" என்று சொன்னால் போதும். சொல்லிவிடு என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. நீ அவரைத் திட்டியது அவர் காதுக்கும் போனது. அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

டப்பாவை மாஸ்டர் வீட்டு அம்மா என்னிடம் கொடுக்க வந்தார்கள். நான் வாங்கவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த அந்தக் கொட்டை இன்னும் அதில்தான் கிடக்கிறது. அம்மா மதியத்தில் தனியாகத்தான் இருப்பார்கள். நீ முதலில் அங்கே போ. போய் அவர்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடி. அப்புறம் இங்கே வந்து என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு.